ஈரம் படாத கை

மாட்டுக்குச் சினை ஊசி போடும் கால்நடை உதவியாளர் சுமந்துவரும், மூடியைத் திறந்தால் வெண்புகை பொங்கும் பாத்திரத்தைக் கண்டிராத கிராமவாசி நம் பக்கத்தில் அரிது. ஆனால் அதே பாத்திரத்தில், அதே மெல்லிய குழல்களில், கட்லா மீனின் விந்தையும் ரோகு மீனின் விந்தையும் உறையவைத்துப் பல்லாண்டுகள் காக்கலாம் என்பதை அறிந்தவர் சிலரே. மீன்குஞ்சுப் பண்ணைகளிலேயே ஆயுளைக் கழித்த கருவடிக்குப்பத்துப் பெரியவர் ஒருவர், ஆடி மாதத்து விடியற்காலையில், தாம் வேலை பார்க்கும் பண்ணைக்கு என்னை அழைத்துச் சென்று இத்தொழிலைப் பிரத்தியட்சமாகக் காட்டினார்.

1957 ஜூலை 10 அன்று ஒரிஸாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியால் செலுத்திக் கெண்டை மீன்களைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தது முதல், குஞ்சுக்காக ஆற்றை நம்பியிருந்த நிலை மாறிற்று. ஆயினும் ஒரே பண்ணையில் ஒரே குடும்பத்து மீன்களையே தலைமுறை தலைமுறையாகக் கூட்டினால் சந்ததியின் வீரியம் குன்றும். தூரத்து ஆற்று ஆண்மீனை உயிரோடு கொண்டுவருவதைக் காட்டிலும் அதன் விந்தைக் குழலில் கொண்டுவருவது சுலபம் என்பதே விந்தை உறையவைக்கும் இம்முறையின் பிரயோஜனம்.

முந்தின இரவு ஊசி போட்ட ஆண்மீனை மடியில் கிடத்திய பெரியவர், அதன் வயிற்றையும் வாலையும் உலர்ந்த துணியால் துடைத்தார்; தம் கைகளையும் துடைத்தார்; பின்னர் மெல்ல நீவி, முதலில் வந்த சொட்டுக்களைத் தரையில் விட்டுவிட்டு, அடுத்து வந்த கெட்டியான வெண்திரவத்தை மட்டும் பனிக்கட்டியில் வைத்திருந்த உலர்ந்த குப்பியில் ஏந்தினார். "முதல்ல வர்றதுல மூத்திரம் கலந்திருக்கும் ஐயா. கையில துளி ஈரம் இருந்தாலும் பால் வீணாயிடும்" என்றார்.

அதன் உண்மையை நுண்ணோக்கியில் கண்டேன். அசைவற்றுக் கிடந்த விந்தணுக்கள், அங்கிருந்த பெண் ஒருத்தி ஒரு சொட்டு நீர் விட்டதும் ஏககாலத்தில் துள்ளி எழுந்து, ஓரிரு நிமிஷங்களுக்குள் சக்தியெல்லாம் தீர்ந்து ஓய்ந்தன. முட்டையைத் தேடி ஓட அவற்றுக்கு வாய்த்த அவகாசம் அவ்வளவே. அதனை முன்கூட்டியே செலவழித்துவிட்ட விந்தை உறையவைத்து என்ன பயன்?

அப்பெண் அந்த விந்தை உப்புக்கரைசலிலும் டைமெத்தில் சல்பாக்சைடிலும் கலந்து குழல்களில் நிரப்பினாள். பின்னது அணுவுக்குள் பனி ஊசிகள் உண்டாகாமல் காக்கும். தாமதித்தால் அதுவே நஞ்சாகும். ஆதலால் குழல்கள் விரைவிலேயே நைட்ரஜன் ஆவியில் குளிர்ந்து, மைனஸ் 196 டிகிரித் திரவத்தில் அமிழ்ந்தன. பயன்படுத்தும்போது வெதுவெதுப்பான நீரில் சில விநாடி உருக்கி, முட்டைகளின்மேல் ஊற்றிய பிறகே நீர் சேர்க்கிறார்கள்.

பிளாக்ஸ்டர் என்பவர் 1953-இல் உறைந்த விந்தைக் கொண்டு, இலையுதிர்காலத்திலும் வசந்தத்திலும் முட்டையிடும் ஹெர்ரிங் இனங்களை இணைத்ததிலிருந்து, விஞ்ஞானிகள் கரைசலையும் குளிர்விக்கும் வேகத்தையும் இடையறாது திருத்தி வருகின்றனர். லக்னோவிலுள்ள தேசிய மீன் மரபுவள நிறுவனமும் இத்துறையில் நெடுநாள் பாடுபட்டிருக்கிறது. ஆனால் எவ்வளவு உயர்ந்த கரைசலும், ஈரக்கை கெடுத்த விந்தை மீட்காது. எனவே இம்முறையின் அபிவிருத்தி ஆய்வுக்கூடத்தில் பாதி என்றால், குளக்கரையில் மீனைத் துடைக்கும் கையில் மறுபாதி இருக்கிறது. அக்கையின் சூக்ஷ்மத்தைச் செய்முறை ஏடுகளில் எழுதிவைப்பதும், பருவம் முடிந்ததும் அனுப்பிவிடாமல் அத்தொழிலாளிக்கு ஆண்டு முழுவதும் வேலை கொடுத்து, இளையவர்களுக்குக் கற்பிக்கச் செய்வதும் நம் கடமை.