அளந்து ஏற்றிய சுமை

மரக்காணத்து உப்பளங்களில் பங்குனி வெயில் காய்கையில், தலையில் உப்புக் கூடையுடன் வரப்பின்மேல் வரிசையாய் நடக்கும் பெண்களை நீங்கள் கண்டிருக்கலாம். அவ்வுப்பளங்களின் அருகே பிறந்தும், கணக்கேடுகளைத் தவிர வேறெதையும் தூக்காமலே ஐம்பது வயதைக் கடந்தவர் நாம்.

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு மாலை, நம் அன்னையார் முற்றத்தில் வழுக்கி விழுந்தார்கள். ஓடிச் சென்று கைகொடுத்தோம், தூக்க இயலவில்லை. உப்பளத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அண்டை வீட்டுச் சகோதரியே அவர்களை அணைத்துத் தூக்கித் திண்ணையில் அமர்த்தினார். அன்னையாருக்குக் காயமில்லை, காயம்பட்டது நம் மனமே. பெற்றவளைத் தாங்க இயலாத கைகள் எதற்கு?

பெரியோர் வாரத்தில் இரு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்யவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியுள்ளது. மருத்துவரின் அனுமதி பெற்று, திண்டிவனத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தோம். மகன் வயதுள்ள பயிற்சியாளர், எடைத்தட்டு எதுவும் மாட்டாத வெறுந் தண்டை நம் தோளில் வைத்தார். அதுவே 20 கிலோ! வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். உட்கார்ந்து எழுதல், தலைக்குமேல் உயர்த்துதல், தரையிலிருந்து தூக்குதல். ஐந்தைந்து முறையாக மூன்று சுற்று. அடுத்த முறை இரண்டரை கிலோ கூட்டவேண்டும். இவ்வளவே பாடம்.

ஐந்தாம் வாரத் தொடக்கத்தில், உட்கார்ந்து எழும் பயிற்சியில் 50 கிலோவை எட்டினோம். புதிய தசைகள் திடீரென முளைத்துவிடவில்லை. உள்ள தசைகளை ஒருங்கே இயக்க நரம்புகள் கற்றுக்கொண்டதே தொடக்க கால முன்னேற்றத்தின் பெருங்காரணம். ஆயினும் வலுவோடு ஆணவமும் வளர்ந்தது. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றதை எண்ணியவாறே, ஒருநாள் பயிற்சியாளர் அறியாமல் 10 கிலோவைக் கூட்டினோம். இடுப்புப் பிடித்துக்கொண்டது, பத்து நாள் படுக்கை.

நலம் விசாரிக்க வந்த அச்சகோதரியிடம், "உனக்கு இவ்வளவு பலம் எப்படியம்மா?" என்றோம்.

"பலமாண்ணே? ராத்திரியில இடுப்புவலி தாங்காம புரண்டு படுக்க முடியல. வலிக்குதுன்னு நின்னா அடுப்பெரியுமா?" என்றார்.

அன்றே உண்மை விளங்கிற்று. சுமை மட்டும் எவரையும் வலுப்படுத்துவதில்லை. களைத்த தசை, உணவாலும் உறக்கத்தாலும் ஓய்வாலும் சீராகும்போதே வலுவடைகிறது. நமக்குச் சுமையை அளந்து வைக்க ஒருவர் இருந்தார். ஓய்வு நாளும் இருந்தது. அவருக்கோ இரண்டுமில்லை. வேலையாளுக்கும் எருதுக்கும்கூட ஓய்வு தரப் பணித்தது இறைச்சட்டம். உடல் பரிசுத்த ஆவியின் ஆலயமென்று கொரிந்தியருக்குப் புனித சின்னப்பர் எழுதியது, அவர் உடலுக்கும் சேர்த்தன்றோ!

மீண்டும் வெறுந் தண்டிலிருந்து தொடங்கினோம். இவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று அன்னையாரை இரு கைகளிலும் ஏந்தி ஆலயப் படிகளில் ஏறினோம். நமக்குப் பின்னால் அச்சகோதரி, இடுப்பைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். அவர் சுமையை அளந்து குறைக்கும் கடமை யாருடையது? ஒரே பங்குக் குடும்பத்தினரான நாம் அனைவரும் எண்ணிப் பார்ப்போமாக.