கண்டலும் கல்லும்

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியிலே உள்ளது கட்டைபறிச்சான். வயலும் களப்பும் அடுத்தடுத்துக் கிடக்கும் சிற்றூர். களப்போரத்துக் கண்டல் மரங்களைக் காண்போர் சேற்றில் முளைத்த வீண்புதர் என்றே எண்ணுவர். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்வது அவ்வேர்களின் இடுக்கிலேதான் என்பதை வலை வீசுவோர் அறிவர்.

அயலூரான சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்னிலையம் அமைக்க இந்தியாவும் இலங்கையும் முன்னர் உடன்பட்டிருந்தன. அதன் சாம்பலும் சுடுநீரும் இக்குடாவை என்ன செய்யும் என்று ஊரவரும் சூழலியலாளரும் கேட்டனர், வழக்கும் நடந்தது. 2016 செப்டெம்பரில் அரசு அதனைக் கைவிட்டது. 2025 ஏப்ரலில் அங்கே 120 மெகாவாட் சூரிய மின்னிலையத்திற்குத் தொடக்கவிழா நிகழ்ந்தது.

தடுத்தல் ஒருவகை, வளர்த்தல் அதனினும் அரிது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின், இலங்கைக் கரைகளில் ஆயிரம் ஹெக்டேயருக்கும் மேலாகக் கண்டல் நட்டனர். 2017இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே பிழைத்தது என்கின்றது. நீர்மட்டமும் மண்ணும் பாராது, கிடைத்த கன்றைக் கிடைத்த இடத்தில் ஊன்றியதன் பலன் அது. நட்டவர்தம் அன்பில் குறையில்லை!

குடாவைக் கடந்து திருகோணமலை நகருக்குச் சென்றால், அங்கே கல்லின் கதை. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அக்கற்களாற் கோட்டை கட்டினர். பின்னாளில் பிரெட்றிக் கோட்டை எனப் பெயர்பெற்றது அதுவே. வாயிற் கல்லிலே பாண்டியரின் இணைக்கயல் இன்றும் தெரிகின்றது. அக்கல்லைப் பெயர்த்துக் கோயிலுக்கே கொடுத்தால் என்ன என்று நமக்கும் தோன்றியதுண்டு. பெயர்த்தால் சுவர் சரியும். நானூறு ஆண்டுச் சான்றும் உடன் சரியும். இருந்த இடத்திலேயே அதனைக் காப்பதே தக்கது என்பது நம் துணிபு.

காப்பதிலும் நுட்பம் உண்டு. சுண்ணச் சாந்து ஈரத்தை வெளிவிடும்; அவசரத்திற்குப் பூசும் சீமெந்தோ அதனை உள்ளே அடைத்துவிடும். கடற்காற்றின் உப்பு அகத்தே பூத்துக் கல்லைச் செதில் செதிலாக உதிர்க்கும். கண்டலை அளவறியாது நட்டதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

மீளக் கட்டிய கோணேசர் ஆலயத்திற்கு 1963இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. அங்கே செல்வோர் கோட்டை வாயிலைக் கடந்தே செல்ல வேண்டும். நேயர்களே, அவ்வழி செல்லுங்கால் சற்று நின்று அக்கயல்களைக் கண்டு செல்லுங்கள். கைபட்டுத் தேய்ந்துவிடும், தொட வேண்டா.