தள்ளுபடிச் சான்றிதழ்

"உங்ககிட்ட வேதபாடம் கேட்டா வட்டிக்கணக்குலதான் போய் முடியும்" என்பாள் என் மனைவி. இன்றைக்கும் அப்படித்தான் ஆகப்போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2008 பிப்ரவரி 29 அன்று பட்ஜெட்டில் ப.சிதம்பரம் விவசாயக் கடன் தள்ளுபடியை அறிவித்தார். மதிப்பீடு 60,000 கோடி ரூபாய். அப்போது நான் நெல்லைப் பக்கம் ஒரு கிராமக் கிளையில் புது அதிகாரி. சிறு, குறு விவசாயிகளுக்குத் திட்டத்தில் வந்த பாக்கி முழுவதும் தள்ளுபடி. மற்றவர்கள் 75 சதவீதம் கட்டினால் மீதி 25 கழிவு. முழுத் தள்ளுபடி ஆனவர்களுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தோம். ஒரு தாத்தா அதை வாங்கிக்கொண்டு, "அப்ப மிச்சத்த எப்ப கட்டணும் சார்?" என்று மூன்று தடவை கேட்டார். நம்பவே முடியவில்லை அவருக்கு.

அந்தப் பணம் காற்றில் மறையவில்லை. வங்கிக்கு அரசாங்கம் கொடுத்தது. கிருபை என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது அங்கேதான். கடனே இல்லை என்பதல்ல, வேறொருவர் கட்டிவிட்டார்.

ஆனால் சபைகளில் நாம் நடத்துவது அந்த இரண்டாவது திட்டம். நீ 75 கட்டு, கர்த்தர் 25 கழிப்பார். உபவாசம், நகை, உடை, ஆராதனைக்கு எத்தனை நிமிடம் தாமதம், எல்லாவற்றுக்கும் ஒரு ரெஜிஸ்டர். விருத்தசேதனமும் வேண்டும் என்றவர்களோடு பவுல் கலாத்தியரில் மல்லுக்கு நின்றது இதற்காகத்தான்.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு, எங்கள் சிறிய தமிழ்ச் சபைக்கு நான் பொருளாளர். போன வருடம் சபையில் ஒரு மாமா காலமானார். சங்கக் காணிக்கை மூன்று வருடம் பாக்கி. பாக்கி தீராமல் அடக்கத்துக்குச் சீட்டு கொடுப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். துபாயிலிருந்து வந்து இறங்கிய மகனை போனில் கூப்பிட்டேன். "தம்பி, 3,600 ரூபாய் பாக்கி இருக்கு. கட்டிட்டா ஐயர்கிட்ட சொல்லிரலாம்." ஒரு வார்த்தை பேசவில்லை அவன். இரண்டு நிமிடத்தில் கூகுள் பேயில் பணம் வந்தது. நானும் ரசீது போட்டேன்.

அன்று ராத்திரிதான் ஞாபகம் வந்தது. என் அப்பா மெடிக்கல் காலேஜில் கிடந்தபோது, பதினோரு ராத்திரி துணைக்கு இருந்தவர் அந்த மாமா. நான் காலையில் வங்கிக்குப் போக வேண்டுமே என்று, அவராக வந்து உட்கார்ந்தார். அந்தக் கணக்கு என் ரெஜிஸ்டரில் இல்லை.

மத்தேயு 18-ஐ எடுத்து வாசித்தேன். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. பதினாயிரம் தாலந்து ஆறு கோடி நாள் கூலி. அது மன்னிக்கப்பட்டவன், நூறு நாள் கூலிக்காக இன்னொருவன் தொண்டையைப் பிடித்தான். கணக்குப் போட்டுப் பார்த்தபோது அந்த ஊழியக்காரன் பி.காம் படித்திருப்பான் என்று தோன்றியது.

கமிட்டியில் பேசினேன். சாவு வீட்டில் பாக்கி கேட்க வேண்டாம் என்றேன். "அப்புறம் ஒருத்தரும் கட்டமாட்டாங்க" என்றார்கள். அதுவும் பொய்யில்லை. 2008-இல் வங்கிக்காரர்கள் நாங்களும் அதையே சொன்னோம். கிருபை பெருகட்டும் என்று பாவம் செய்யலாமா என்ற கேள்வியை ரோமர் 6-இல் பவுலே எடுத்துக்கொள்கிறார். ஆனால் அதற்குப் பயந்து அவர் கிருபையைக் குறைக்கவில்லை. தீர்மானம் இன்னும் நிறைவேறவில்லை.

பிறகு என் கைக்காசு 3,600 ரூபாயைக் கவரில் போட்டுக்கொண்டு அத்தையைப் பார்க்கப் போனேன். அவர்கள் வாங்கவில்லை.

"இருக்கட்டும் தம்பி. அவுக யாருக்கும் கடன் வைக்காமப் போனாகன்னு இருக்கட்டும்" என்றார்கள். காப்பி போட்டுக் கொடுத்தார்கள். என்னைக் கோபிக்கவே இல்லை.

கவர் இன்னும் என் வேதாகமத்துக்குள்தான் இருக்கிறது. உங்கள் சபையில் என்ன வழக்கம்? சொல்லுங்கள்.