பிழைத்தவர் சொல்

பெருந்துன்பம் ஒன்றிலிருந்து உயிர் தப்பியவர்களுக்குப் பின்னர் இன்னொரு துன்பம் காத்திருக்கிறது. பக்கத்தில் நின்றவர் போய்விட, நாம் மட்டும் ஏன் இருக்கிறோம் என்ற கேள்வியே அது. அதற்கு விடை காணாமலே பலர் வாய்மூடி வாழ்ந்துவிடுகின்றனர். அவர்கள் பேச வேண்டும், நாம் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

‘சுனாமி: ரேஸ் அகெய்ன்ஸ்ட் டைம்’ என்னும் ஆவணப்படத்தை அண்மையில் எங்கள் இல்லத்தில் பிள்ளைகளுடன் அமர்ந்து பார்த்தோம். ஆழிப்பேரலையின் இருபதாம் ஆண்டு நினைவையொட்டி, 2024ஆம் ஆண்டு நேஷனல் ஜியாகிரபிக் நிறுவனம் நான்கு பகுதிகளாக வெளியிட்ட படம் இது. அன்று கரையில் இருந்த சாதாரண மக்கள் தம் கையிலிருந்த கேமராக்களில் எடுத்த காட்சிகளும், உயிர் பிழைத்தவர்கள் இன்று நம் முன் அமர்ந்து சொல்லும் சொற்களுமே இப்படத்தின் உயிர்.

2004க்குப் பின் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கோ தொலைதூரத்தில் நடந்ததாகத் தோன்றிற்று. “நம்ம ஊருக்கும் இது வந்ததா?” என்று இளையவள் கேட்டாள். மயிலாப்பூரில் பிறந்து, ஞாயிறுதோறும் சாந்தோம் பேராலயத்தில் திருப்பலி காணும் பிள்ளை கேட்ட கேள்வி அது!

வந்தது என்றோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பின் மறுநாள். திருச்சபை திருக்குடும்பத் திருவிழா கொண்டாடிய நாள். காலை ஆறரை மணியளவில் சுமத்ரா தீவின் அருகே கடலடி நிலம் 9.1 அளவில் அதிர்ந்தது. அந்த நடுக்கத்தைச் சென்னையில் சிலர் இலேசாக உணரவும் செய்தனர். உணர்ந்து, மறந்தும் போயினர். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்து, ஒன்பது மணியளவில், மெரீனாவிலும் பட்டினப்பாக்கத்திலும் சீனிவாசபுரத்திலும் கடல் ஏறி வந்தது. சென்னையில் மட்டும் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழகம் முழுவதும் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த நாடுகளில் 2 இலட்சத்து 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்.

அந்தப் படத்தில் எங்களை மிகவும் தொட்டது அலையின் சீற்றமன்று. பிழைத்தவர் எவரும் தம் வீரத்தைச் சொல்லாததே. ஒவ்வொருவரும் மற்றொருவரைப் பற்றியே பேசுகின்றனர்: தம்மைப் பிடித்து இழுத்த கை, தம் பிடியிலிருந்து நழுவிய கை. ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியம் ‘அவர்’ என்றே முடிகிறது.

இதை எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் நொச்சிக்குப்பத்து அம்மாளிடம் ஒருநாள் சொன்னோம். அவர் வருகிற இத்தனை ஆண்டுகளில் அந்த நாளைப் பற்றி நாங்களும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அன்று கூடையை இறக்கிவைத்து, திண்ணையில் அமர்ந்து சொன்னார். அவருடைய கணவர் விடியற்காலையிலேயே படகில் போயிருந்தார். ஆழ்கடலில் அந்த அலை பெரிதாக உயர்வதில்லை. ஆதலால் படகிலிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கரையில் இருந்த இவரைத்தான் நீர் சுருட்டியது. அடுத்த வீட்டுப் பெண் ஒரு கையால் கம்பத்தைப் பற்றிக்கொண்டு, மறு கையால் இவருடைய தலைமுடியைப் பிடித்து நிறுத்தினார். அந்தப் பெண்ணின் மகள் அன்று மாலைதான் கிடைத்தாள், உயிரற்ற உடலாக.

“அந்த அக்கா இருக்கும்போது, ஆண்டவர் என்னைக் காப்பாத்துனாருன்னு நான் எப்படிச் சொல்றது? அதான் பேரப் பசங்க கிட்டகூட ஒண்ணும் சொல்லல” என்றார்.

நாங்கள் சற்று நேரம் பேசாதிருந்தோம். சாந்தோமில் இதற்கு நேர்மாறான ஒரு பேச்சும் உண்டு என்பது வாசகர்கள் அறிந்ததே. பேராலயத்தின் பின்புறம் கடலைப் பார்த்து நிற்கும் தோமையார் கம்பத்தைத் தாண்டி அலை வராது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அன்று பேராலயத்துக்குள் நீர் புகவில்லை என்பதும், வீடிழந்த மீனவ மக்கள் அங்கே அடைக்கலம் பெற்றனர் என்பதும் உண்மை. அதற்காக நன்றி கூறுவதில் தவறில்லை. ஆனால் சற்றுத் தள்ளியிருந்த சீனிவாசபுரத்துத் தாயின் காதில் அந்த நன்றி எப்படி விழும் என்பதையும் எண்ணவேண்டும். மீன்கார அம்மாள் அதை எண்ணினார். அவருடைய மௌனம் அன்பினால் விளைந்தது.

ஆயினும் மௌனத்துக்கும் ஒரு விலை உண்டு. அது எவ்வளவு பெரிய விலை என்பதை இரண்டு இடங்கள் நமக்குக் காட்டுகின்றன.

முதலாவது நம் கடற்கரையே. 1881ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் நிக்கோபார் தீவுகளின் அருகே நிலம் நடுங்கி எழுந்த பேரலை வங்கக் கடலைக் கடந்து வந்தது. சென்னைத் துறைமுகத்து அலைமானி அதைப் பதிவு செய்திருக்கிறது. அன்று அலை சிறியது, அழிவு நேரவில்லை. எனவே செய்தி ஏட்டில் நின்றது, எந்த வீட்டுக் கதையிலும் ஏறவில்லை. 2004இல் ‘சுனாமி’ என்ற சொல்லே நம்மில் பெரும்பாலோர்க்குப் புதிது. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கி, மூழ்கிக் கிடந்த பாறைகள் தெரிந்தபோது, அது ஓட வேண்டிய நேரம் என்று சொல்ல ஆளில்லை.

இரண்டாவது, சுமத்ராவின் மேற்கே உள்ள சிமெலுவே என்னும் தீவு. நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவுகளில் அதுவும் ஒன்று. அங்கே 1907ஆம் ஆண்டு பேரலை வந்து பலரைக் கொண்டுபோயிற்று. பிழைத்தவர்கள் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டனர். பிள்ளைகளுக்குத் தாலாட்டாகவும் கதையாகவும் சொல்லி வைத்தனர். நிலம் பலமாக நடுங்கினால், கடல் உள்வாங்கினால், மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம். தொண்ணூற்றேழு ஆண்டுகள் கழித்து அந்தக் கதை வேலை செய்தது. 2004இல் அத்தீவின் ஏறத்தாழ 78,000 மக்களில் இறந்தோர் 7 பேர் மட்டுமே. பாட்டிமார் சொல்லி வைத்த கதையே அத்தீவைக் காத்தது!

ஒரு சொல் காலத்தில் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலும் சான்று உண்டு. புதுவையைச் சேர்ந்த நல்லவாடு என்ற மீனவ ஊரின் இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்தார். சுமத்ராச் செய்தியைக் கேட்டதும் வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரில் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியே ஊர் முழுவதும் எச்சரிக்கை பரவியது. வீடுகளும் படகுகளும் போயின; மக்கள் பிழைத்தனர். இன்று ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்கி வருகிறது. நிலம் அதிர்ந்த சில நிமிடங்களில் அது செய்தி தரும். ஆனால் அச்செய்தியை நம்பி எழுந்து ஓடுவதற்கு, அது மெய் என்று முன்பே வீட்டில் கேட்டிருக்க வேண்டும்.

துன்பத்தை அறிந்தவர் பிறர் துன்பத்துக்கு முதலில் விரைவர் என்பதையும் இந்நகரம் கண்டிருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்தையும் சைதாப்பேட்டையையும் சூழ்ந்தபோது, தெருக்களில் படகு செலுத்தி மக்களை மீட்டவர்களுள் நம் மீனவரும் இருந்தனர். கடலிடம் உற்றாரை இழந்தவர்கள், ஆற்றில் அகப்பட்ட அறியாதவர்களை அழைத்துச் சென்றனர். இதையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

இவற்றையெல்லாம் அந்த அம்மாளிடம் எங்களால் இயன்றவரை எடுத்துச் சொன்னோம். சிமெலுவே கதையைக் கேட்டு, “ஏழு பேருதானா?” என்று இருமுறை கேட்டார். பிறகு, “அக்கா இப்ப செம்மஞ்சேரில இருக்காங்க. அவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் பசங்க கிட்டச் சொல்லணும். அது அவங்க கதையும்தானே” என்று கூறிக் கூடையை எடுத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துச் செம்மஞ்சேரிக்குப் போய்வந்ததாகச் சொன்னார். அங்கே இருவரும் வெகுநேரம் அழுதார்களாம். தன் மகளின் பெயரையும் சேர்த்துச் சொல்லும்படி அந்தப் பெண் கேட்டுக்கொண்டாராம்.

பிழைத்தவர் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரியவில்லை. தாம் தேர்ந்தெடுக்கப்பட்டதாகப் பேசாமல், கடன்பட்டவராகப் பேச வேண்டும். தம்மைப் பிடித்த கையையும் போனவரின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போது அது எவரையும் புண்படுத்தாது. நாளைக்கு ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.

வாசகப் பெருமக்களே, அந்த நாளைக் கண்டவர்கள் இன்று நம் இல்லங்களில் முதியவர்களாகி வருகின்றனர். குப்பங்களிலிருந்து பல குடும்பங்கள் தொலைவான குடியிருப்புகளுக்குப் போய்விட்டன. அயலார் பிரிந்தால் நினைவும் பிரிந்துவிடும். வரும் டிசம்பர் 26 அன்று, விழாப் பலகாரம் மீந்திருக்கும் அந்த வேளையில், வீட்டுப் பெரியவர்களைச் சுற்றிப் பிள்ளைகளை அமர்த்துங்கள். “அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?” என்று கேளுங்கள். கேட்டதைப் பெயரோடும் நாளோடும் எழுதி வையுங்கள். நிலம் நடுங்கினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, பேரிரைச்சல் கேட்டாலோ கரையை விட்டு ஓட வேண்டும் என்பதையும், முதல் அலை போனதும் திரும்பலாகாது என்பதையும் கூடவே சொல்லிக் கொடுங்கள். அந்த மாலையில், போனவர்களுக்காக ஒரு செபமாலையும் சொல்லுங்கள்.