வெல்லப்பாகு வாசம்

1996ல என் தலப்பிள்ளை ஒன்பதாம் நாள் செத்துப்போச்சு. பாலே குடிக்கல. மூத்திரம் வெல்லப்பாகு வாசம் அடிக்குதுன்னு எங்கம்மா சொன்னப்ப, ‘காலனி ஆளுங்கதானே, துணியத் தொவச்சுப் போடுங்க’ன்னாங்க நர்சம்மா. மூணு தரம் தொவச்சேன். மாமியா என் ராசியத் திட்டினாங்க.

2023ல பேத்தி பொறந்ததும் டாக்டர்கிட்ட அந்த வாசத்தைச் சொன்னேன். மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். குதிகாலில் குத்தி, அட்டையில் சில சொட்டு ரத்தம். காதுத்தோட்டை அடகு வைத்துத்தான் அதில் மரபணுவைப் படிக்க வைத்தோம். புரதத்திலுள்ள மூன்று அமினோ அமிலங்களை உடம்பு சிதைக்க முடியாத நோய். அந்த வாசம்தான் அதன் அடையாளமாம். பழுதான மரபணு தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் நோய் வரும். பேத்திக்கு ஒரு பக்கம்தான். நோயில்லை. முன்னமே தெரிந்தால் தனிப் பால்மாவு கொடுத்துக் காப்பாற்றலாமாம்.

‘ரெண்டு பக்கமும்’னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், ‘அம்மா இருந்தப்பவே தெரிஞ்சிருக்கலாம்’னார்.