காவிக்கொண்டு திரிய ஒரு கத்தி

எங்களுக்கு ஒரு கத்தி தேவைப்பட்டது. சமையலுக்கு இல்லை, சண்டைக்கும் இல்லை. மாதத்தில் இரண்டு மூன்று தரம் புத்தகப் பெட்டிகள் வரும், சுற்றியிருக்கிற ரேப்பை வெட்டவேண்டும். கண்காட்சி என்றால் காட்போட் மட்டை வெட்டவேண்டும். பனர் கட்டின நைலோன் கயிறு, வயரைச் சேர்த்துக் கட்டுகிற பிளாஸ்ரிக் நாடா, கதிரைச் சீலைகள் வந்த உரபாக்கின் வாய் என்று, கூட்டம் நடக்கிற நாளில் வெட்டுவதற்கு எப்பவும் ஏதாவது இருக்கும். இவ்வளவு நாளும் வீட்டுத் திறப்பாலும் பல்லாலும், யாராவது ஒருத்தர் அம்மாவுக்குத் தெரியாமல் கொண்டுவருகிற மரக்கறிக் கத்தியாலும் சமாளித்து வந்தோம்.

"பேசாமல் ஒரு மடக்குக் கத்தி வாங்குவம். ஆராவது ஒராள் எப்பவும் வைச்சிருக்கட்டும்" என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். பத்து நிமிசத்தில் முடியவேண்டிய கதை இரண்டு கிழமை ஓடியது. எந்தக் கத்தி நல்லது என்ற கேள்விக்கு விடை கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. அதை எங்கள் ஊரில் ஆர், எப்ப, எங்கே காவிக்கொண்டு திரியலாம் என்ற கேள்விதான் எங்களை இழுத்தடித்தது.

யூரியூப்பில் தேடினால் ஒரே மாதிரியான வீடியோக்கள் வரும். ஒரு மரமேசை. அதில் மணிக்கூடு, பேர்ஸ், சின்ன ரோர்ச், பேனை, நடுவில் ஒரு மடக்குக் கத்தி. நான் வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது தினமும் காவுகிற சாமான்கள் இவை என்று ஒருவர் வரிசையாகச் சொல்லுவார். பார்க்க வடிவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மேசையைப் பார்க்கும்போது எங்களுக்கு வீட்டு ஆக்களின் ஞாபகம்தான் வந்தது. எங்கட அப்பாமார் வெளிக்கிடும்போது தொட்டுப் பார்க்கிற சாமான் ஒன்றுதான்: அடையாள அட்டை. யுத்தம் 2009 மேயில் முடிந்தது. இன்றைக்கும் சந்திக் கடைக்குப் பாண் வாங்கப் போகும்போதும் அவர்களின் கை சேட்டுப் பொக்கற்றைத் தடவுகிறது. பொக்கற்றுக்குள் என்ன இருக்கவேண்டும் என்பதைவிட என்ன இருக்கக்கூடாது என்பதைப் படித்து வளர்ந்த தலைமுறை அது.

அதற்கு முந்தின தலைமுறை அப்படி இல்லை. தாத்தாமாரின் கொட்டைப்பெட்டிக்குள் வெத்திலையும் பாக்குவெட்டியும் இருந்தன. சிலரிடம் ஒரு வில்லுக்கத்தியும் இருந்தது. ஓலை இழைக்கிற அம்மம்மாமாரின் கைக்குப் பக்கத்தில் எப்பவும் சத்தகம் கிடந்தது. சீவல் தொழிலாளி பாளைக்கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு பட்டப்பகலில் சைக்கிளில் போவார். ஒருவரும் பயப்படவில்லை. அந்தக் கத்தி எல்லாவற்றையும்விடக் கூரானதுதான். ஆனால் அதைப் பார்த்தவுடன் பனையும் முட்டியும்தான் சனத்தின் கண்ணுக்குள் வந்தது. கத்தியோடு சேர்ந்து அதின்ர வேலையும் தெரிந்தது.

எங்கட வயதுப் பெடியன் ஒருவனின் ஜீன்ஸ் பொக்கற்றில் இருக்கிற கத்தியோடு அப்படி ஒரு வேலையும் தெரியாது. வடக்கில் வாள்வெட்டுச் செய்தி இல்லாத மாதம் குறைவு. இரவு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் போனாலே மறித்துப் பார்ப்பார்கள். 2019 ஏப்பிரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பள்ளிக்கூட வாசல்களில் பிள்ளைகளின் பைகளைத் திறந்து பார்த்ததையும், உள்ளே இருப்பது வெளியில் தெரிகிற கண்ணாடிப் பைகள் கடைகளுக்கு வந்ததையும் எங்களில் இளையவர்கள் மறக்கவில்லை. அதனால் எங்கள் முதல் நிபந்தனை இப்படி வந்தது: மேசையில் வைத்தால், அதை முதன்முதலாகப் பார்க்கிற ஒருவருக்கு இது வேலைச் சாமான் என்று விளங்கவேண்டும்.

எங்களில் மூன்று பேர் பெண்கள். மடக்குக் கத்தி என்றவுடன் அவர்கள் தொடங்கினது வேறு கதை. "ரியூசன் முடிஞ்சு இருட்டுக்குள்ள வரேக்க பைக்குள்ள ஏதாவது வைச்சிரு" என்று மூன்று வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள். சட்டை ஊசி, குடையின் கூர், கணிதப் பெட்டிக்குள் இருக்கிற கவராயம் எல்லாம் பஸ்ஸில் போகிற பெண்களில் கனபேருக்குத் தெரிந்த ஆயுதங்கள். எங்கட சமூகத்தில் ஒரு பெம்பிளைப்பிள்ளையின் பக்கத்தில் முறைப்படி இரும்பு வைக்கிறது அவள் பெரியபிள்ளை ஆன நாட்களில்தான். கத்தியோ பாக்குவெட்டியோ சத்தகமோ, கூடவே வேப்பிலை. அது பேய்க்கு. பஸ்ஸில் உரசுகிறவனுக்கு இல்லை.

இந்தக் கதையைச் சிரித்து விட்டுவிட ஏலாமல் இருந்தது. கத்தி ஒன்று பாதுகாப்புத் தருமா என்று நேராகவே கேட்டுக் கதைத்தோம். பைக்குள் கைவிட்டுத் தேடி எடுத்து, விரித்து, லொக் விழுந்ததா என்று பார்க்கிற அளவு நேரத்தை எந்த ஆபத்தும் தராது. பலம் கூடின ஒருவன் பறித்தால் அடுத்த நிமிசம் அது அவன்ர கத்தி. ஒருவேளை காயப்படுத்திவிட்டால் விளக்கம் சொல்லிக்கொண்டு பொலிஸ் வாங்கில் இருக்கப்போவதும் அவள்தான். "பயத்துக்கெண்டு ஒரு சாமானைக் காவினா, அது ஒவ்வொரு நாளும் பயத்தைத்தான் ஞாபகப்படுத்தும்" என்று ஒருத்தி சொன்னாள். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் பாலியல் தொந்தரவு தண்டனைக்குரிய குற்றம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இருக்கிறது. இவை எல்லா இடத்திலும் உடனே வேலை செய்கின்றன என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஆனால் பஸ்ஸில் நடக்கிற கொடுமைக்கான பதிலை ஒரு பெண்ணின் கைப்பைக்குள் வைத்து, பொறுப்பையும் அவளின் தலையில் கட்டுகிற வேலைக்கு எங்கட கத்தி போகாது. அது இரண்டாவது நிபந்தனை.

இனிக் கடைக் கதை. நாங்கள் நாலு வகைக் கத்திகளை வைத்து யோசித்தோம்.

முதலாவது, எல்லாருக்கும் தெரிந்த, அலகை உடைத்து உடைத்துப் பாவிக்கிற கட்டர். இது பிறந்தது 1956இல், ஜப்பானின் ஒசாக்காவில். அச்சகத்தில் வேலைசெய்த யோஷியோ ஒகாடா என்பவர், கடதாசி வெட்டுகிற பிளேட் கெதியாய் மொட்டையாகிறதே என்று யோசித்தார். சப்பாத்துத் தைக்கிறவர்கள் கண்ணாடித் துண்டின் விளிம்பு மழுங்கினால் அதை உடைத்துப் புது விளிம்பு எடுப்பதும், கோடு கோடாக உடைகிற சொக்லேற் கட்டியும் அவருக்கு வழி காட்டின. பிறகு வந்த ஒல்ஃபா என்ற பெயரே 'உடைக்கிற அலகு' என்ற ஜப்பானியச் சொற்களிலிருந்து வந்ததுதான். மலிவானது, கடதாசிக்கும் றெஜிபோமுக்கும் இதை வெல்ல ஒன்றும் இல்லை. ஆனால் உடைய வேண்டும் என்றே செய்த அலகு, தடித்த மட்டையில் பக்கவாட்டாக நெரித்தாலும் உடையும். மலிவுப் பிடிகளில் தள்ளுகிற கட்டை தளர்ந்தால் பைக்குள்ளேயே அலகு தானாக வெளியில் வரும். மேசையில் வைத்துப் பாவிக்க நல்லது. காவுவதற்குச் சரிவராது.

இரண்டாவது, சுவிஸ் பேனாக்கத்தி. கார்ல் எல்சனர் 1884இல் தொடங்கின பட்டறை, 1891இல் சுவிஸ் இராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கியது. அதுதான் இன்றைய விக்ரொறினொக்ஸ். அதில் 58 மில்லிமீற்றர் நீளமான சின்ன வகை திறப்புக்கோர்வையிலேயே தொங்கும், கத்தரிக்கோலும் இருக்கும். பார்த்து ஒருவரும் பயப்படமாட்டார்கள். ஆனால் இந்தச் சின்னக் கத்திகளில் அலகைப் பிடித்து வைக்கிற லொக் இல்லை. மட்டையில் அழுத்தி வெட்டும்போது அலகு விரலின் மேல் மடியலாம். அதோடு, காட்போட் பார்க்க மெதுவாக இருந்தாலும் அதிலிருக்கிற தூசும் மணலும் பசையும் எந்த அலகையும் தேய்த்துவிடும். அடிக்கடி கல்லில் தீட்டவேண்டும். எங்களில் ஒழுங்காகத் தீட்டத் தெரிந்த ஆள் ஒருவர்தான். அவரும் கொழும்பில்.

மூன்றாவது, மரப்பிடி போட்ட பிரெஞ்சுக்காரரின் ஓபினெல். 1890இலிருந்து வருகிற வடிவம். 1955இல் அலகின் அடியில் சுழலுகிற வளையம் ஒன்றைச் சேர்த்தார்கள். அதைத் திருப்பினால் அலகு மடியாது. அழகான, எளிமையான சாமான். ஆனால் பரவலாகக் காணப்படுகிற எட்டாம் இலக்கத்தின் அலகு 8.5 சென்ரிமீற்றர் நீளம், நுனியும் கூர். மாம்பழம் வெட்டுகிறவருக்கு அது பழக்கத்தி. செக்பொயின்ற்றில் நிற்கிறவருக்கு அது வேறை. கார்பன் இரும்பு அலகு என்றால் எங்கட உப்புக்காற்றில் கிழமைக்குள் கறள் பிடிக்கும்.

நாலாவதைத்தான் எடுத்தோம்: மாற்றுகிற பிளேட் போட்ட மடக்குக் கட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த சரிவகத்தின் வடிவில் ஒரு பிளேட், ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் நீளம். அதில் ஒரு அங்குலமளவுதான் வெளியில் நிற்கும், மிச்சம் பிடிக்குள். ஒரு பக்கம் மொட்டையானால் கழற்றித் திருப்பிப் போடலாம். இரண்டு பக்கமும் முடிந்தால் புதுசு. தீட்டுகிற வேலை இல்லை. இதைப் பார்க்கிற எவருக்கும் ஹாட்வெயார் கடைதான் ஞாபகம் வரும்.

கடையில் பார்க்கவேண்டியவற்றை எங்கட அனுபவத்தில் இருந்து சொல்கிறோம். முதலில் பிளேட்டைக் கழற்றச் சொல்லுங்கோ. வெறும் பிடியை விரித்து, மடிகிற பக்கமாக நல்லாய் அழுத்திப் பாருங்கோ. லொக் விட்டுக்கொடுத்தால் அந்தக் கத்தி வேண்டாம், எவ்வளவு மலிவென்றாலும் சரி. அடுத்தது, மடக்கும் விதம். சிலதில் பிடிக்குள் இருக்கிற தகட்டைப் பெருவிரலால் தள்ளவேண்டும். அப்போது விரல் அலகு வருகிற பாதையிலேயே நிற்கும். பிடியின் முதுகில் அழுத்துகிற வகையில் அந்தப் பயம் குறைவு. பல கைகள் மாறிப் பாவிக்கிற கத்திக்கு நாங்கள் பின்னதைத்தான் விரும்பினோம். பிளேட் மாற்ற ஸ்குரூ வேண்டுமா, ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமா என்று பாருங்கோ. பிளேட் உட்காருகிற இடத்தில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கோ. முக்கியமாக, எல்லாக் கடையிலும் கிடைக்கிற சாதாரண பிளேட் அதற்குப் பொருந்தவேண்டும்.

வீடியோக்களில் பெரிதாகச் சொல்லப்படுகிற பொக்கற் கிளிப்பை எங்கட ஆக்கள் உடனேயே கழித்துவிட்டார்கள். "சல்வாருக்குப் பொக்கற்றே இல்லை, கிளிப்பை எங்க கொழுவுறது?" தினமும் காவுகிற கத்தி என்ற முழு யோசனையும் ஆம்பிளையளின் றவுசருக்கு அளவெடுத்துத் தைத்தது என்பது அப்போதுதான் மற்றவர்களுக்கு விளங்கியது.

எல்லாம் சொன்ன பிறகும் ஒன்று மிச்சம். வடிவம் மட்டும் ஒரு கத்தியை அப்பாவி ஆக்காது. 2001 செப்ரெம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்தியவர்கள் பாவித்ததில் சின்னக் கத்திகளும் இப்படியான கட்டர்களும் இருந்தன. இன்றைக்கு எந்த விமானத்திலும் கைப்பையோடு இது ஏறாது. ஆகவே பனையும் முட்டியும் பாளைக்கத்திக்குச் செய்ததை எங்கட கத்திக்கும் ஏதோ ஒன்று செய்யவேண்டும். நாங்கள் எடுத்த முடிவு, அதை ஒருவரும் தினமும் காவுவதில்லை என்பதுதான். ரேப், கயிறு, மார்க்கர், அடிமட்டம் இருக்கிற பிளாஸ்ரிக் பெட்டிதான் அதின்ர வீடு. பெட்டி போகிற இடத்துக்குக் கத்தி போகும். பெட்டி போகாத இடத்துக்கு, அதாவது திருவிழாவுக்கு, மட்ச்சுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, இரவுச் சவாரிக்கு, அது போகாது. எங்களில் ஒருவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "தாத்தா மடியில வைச்சிருந்ததை நான் பொக்கற்றில வைச்சா குற்றமோ?" என்று கேட்கிறான். குற்றம் இல்லை. அந்தக் கேள்வியை அவன் கேட்கவேண்டியிருப்பதுதான் எங்களுக்குக் கவலை. மறிக்கப்படுகிற இடத்தில் அதைக் கேட்க அவனுக்கு அவகாசம் கிடைக்காது.

பாவிக்கும்போது நாலு பழக்கம் வைத்திருக்கிறோம். உடம்புக்கு எதிர்ப்பக்கமாக வெட்டுகிறது. தடித்த மட்டையை ஒரே இழுவையில் வெட்டாமல், அடிமட்டம் வைத்து மெல்ல மெல்ல மூன்று நாலு தரம் கோடு இழுக்கிறது. ரேப்பின் பசை பிடித்தால் துணியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கிறது. கத்தியைக் கைக்குக் கை குடுக்காமல், மடக்கி மேசையில் வைத்து மற்றவர் எடுக்க விடுகிறது. கடைசியானதை அம்மம்மாமார், கையில் குடுத்தால் சண்டை வரும் என்று சொல்லித் தந்தார்கள். சண்டை வருமோ தெரியாது, காயம் வராது.

பாவித்து முடிந்த பிளேட்டுகளுக்கு ஒரு பழைய பால்மா ரின். மூடியில் காசு போடுகிற உண்டியல் மாதிரி ஒரு கீறல், மூடியைச் சுற்றி ரேப். ரின் நிரம்பினால் கீறலையும் ஒட்டி, வெளியில் பெரிய எழுத்தில் 'பிளேட், கவனம்' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, குப்பை எடுக்க வருகிறவரின் கையில் சொல்லிக் குடுக்கவேண்டும். குப்பைப் பையைத் தூக்குகிற கைகளுக்கு எல்லா நாளும் கையுறை கிடைப்பதில்லை. கத்தி வாங்கப் போகிற ஆக்கள், கத்தியோடு சேர்த்து இந்த ரின்னையும் முதல்நாளே தயார்பண்ணி வையுங்கோ.