தப்பு என்னன்னு ஒழுங்கா சொல்லுங்க!

‘ஏதோ தவறு நடந்துவிட்டது. பிறகு முயற்சிக்கவும்.’

செல்போன் வைத்திருக்கும் எல்லோரும் இந்த வரியை ஒரு முறையாவது பார்த்திருப்பார்கள். தாம்பரத்தில் ஸ்கூட்டர் மெக்கானிக் ஒருவர், ‘ஏதோ கோளாறுங்க, அப்புறம் வாங்க’ என்று சொல்லி அனுப்பினால், மறுபடி அந்தக் கடைப் பக்கம் யாராவது போவார்களா? ‘பிளக்ல கரி பிடிச்சிருக்கு, சுத்தம் பண்ணா போதும்’ என்பவரிடம்தான் கூட்டம் சேரும். கம்ப்யூட்டர் மட்டும் மழுப்பினால் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

பொறுத்துக்கொள்ளத் தேவையில்லாத ஓர் இடம் இருக்கிறது. லினக்ஸ், லிப்ரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ் போன்றவை கட்டற்ற மென்பொருள்கள். அவற்றின் நிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். பிழைச்செய்தி வானத்திலிருந்து விழுவதில்லை. எங்கோ ஒருவர் உட்கார்ந்து தட்டிய வரி அது. சரியில்லை என்றால் இன்னொருவர் மாற்றி எழுதி அனுப்பலாம். அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்கள் ஏற்றுக்கொண்டால், அடுத்த பதிப்பில் அந்த வரி ஊர் உலகமெல்லாம் போய்ச் சேரும்.

இந்த வேலைக்கும் தென்சென்னைப் புறநகருக்கும் பழைய உறவு உண்டு. தாம்பரத்துக்குப் பக்கத்தில், குரோம்பேட்டையில், 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி. கல்லூரி இருக்கிறது. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம். 2003-ல் புனேயில் பேசியபோது, இந்தியாவுக்குக் கட்டற்ற மென்பொருள் தேவை என்று குடியரசுத் தலைவர் கலாம் வலியுறுத்தினார். இரண்டே ஆண்டுகளில், 2005-ல், அவர் படித்த அதே வளாகத்தில் உள்ள ஏ.யூ.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும், சென்னை சி-டாக் நிறுவனமும் மத்திய அரசின் ஆதரவோடு கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அந்த முயற்சியில் 2007-ல் வெளிவந்ததுதான் ‘பாஸ்’ லினக்ஸ். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் பேசுகிற லினக்ஸ் அது.

தமிழில் பேச வைப்பது அத்தனை சுலபமா? சேலையூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இந்த வேலைக்கு உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலே ஆங்கில வரி, கீழே தமிழுக்கு வெற்றிடம். இப்படித்தான் பட்டியல் வரும். ‘இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்று எழுத வேண்டும். ஆனால், கோப்பின் பெயர் வரும் இடம் கோடிட்ட இடமாக இருக்கும். பயன்படுத்துபவரின் கோப்புப் பெயரைக் கம்ப்யூட்டர் பிறகு அங்கே நிரப்பிக்கொள்ளும்.

கோடிட்ட இடத்தோடு ‘ஐ’ சேர்த்தால் போதும் என்று தோன்றும். கோப்பின் பெயர் ‘கடிதம்’ என்றால் திரையில் ‘கடிதம்ஐ’ என்று வந்து நிற்கும்! கடிதம் கூட்டல் ஐ, ‘கடிதத்தை’ ஆகும் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. டீச்சர் கொஞ்சம் யோசித்து, ‘‘கடிதம்’ என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்று மாற்றுகிறார். பெயர் வீடாக இருந்தாலும் மரமாக இருந்தாலும் இனி வாக்கியம் உடையாது.

அடுத்த சிக்கல் வரிசை. ஆங்கிலத்தில் விஷயம் முன்னால், காரணம் பின்னால். தமிழில் ‘அனுமதி இல்லாததால் திறக்க முடியவில்லை’ என்று காரணம் முந்திக்கொள்ளும். நிரல் எழுதியவர் வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியிருந்தால், மொழிபெயர்ப்பவரால் முன்பின்னாக மாற்ற முடியாது. அப்போது நிரலையே திருத்தி, முழு வாக்கியமாகக் கொடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அப்படி ஒருவர் கேட்டுத் திருத்தினால், தமிழைப் போலவே வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கும் ஜப்பானியருக்கும் கொரியருக்கும் அது உதவும்.

எப்படிச் சொல்வது என்பது போலவே, எங்கே சொல்வது என்பதும் முக்கியம். 1970-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் உருவான காலம். அச்சுக்கோக்கும் இயந்திரத்துக்குக் கட்டுரையை அனுப்பிவிட்டு, நீளத் தாளை ரசாயனத்தில் கழுவி எடுத்துப் பார்த்தால், கட்டுரையைக் காணோம். ‘கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்ற ஒற்றை வரி மட்டும் அழகாக அச்சாகியிருந்ததாம்! பலருக்கும் இதே கதி நேர்ந்து, புலம்பல் கூடியதால்தான், பிழைச்செய்திக்கென்று தனி வழி போட்டார்கள் என்று அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் ஜான்சன் நினைவுகூர்ந்திருக்கிறார். இன்றைக்கும் லினக்ஸில் விடை ஒரு வழியிலும், பிழை இன்னொரு வழியிலும்தான் வருகின்றன.

நல்ல பிழைச்செய்தி மூன்று விஷயங்களைச் சொன்னால் போதும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்து என்ன செய்யலாம்? ‘நெட் கிடைக்கவில்லை. பணம் அனுப்பப்படவில்லை. சிக்னல் வந்ததும் மறுபடி அனுப்பலாம்’ என்று வந்தால் பதற்றம் பாதி குறைந்துவிடும். ‘ஏதோ தவறு’ என்று மட்டும் வந்தால், பணம் போச்சா இல்லையா என்று தெரியாமல் ராத்திரித் தூக்கம் போகும்.

அதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று. புரியாத வரி வந்ததும் வீட்டுப் பெரியவர்கள் மென்பொருளைக் குறை சொல்வதில்லை. ‘நான்தான் எதையோ அமுக்கிட்டேன் போல’ என்று பேரன் கையில் போனைக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு முறை அப்படி நடந்தால், மூன்றாவது முறை தொடவே மாட்டார்கள். தப்பு செய்தது யாரோ, கூச்சப்படுவது யாரோ!

ஒரு வரியைத் திருத்தப் பெரிய இன்ஜினீயர் ஆக வேண்டியதில்லை. தமிழ் தெரிய வேண்டும். எதிரே திகைத்து நிற்பவரின் முகம் மனசில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் உள்ளவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளில் எப்போதும் வேலை இருக்கிறது.